பெட்டிக்கு ஓர் அம்பாப் பாட்டு

பெர்னடெட்டின் மாமா கிறிஸ்துநாயகம் நோர்வேயிலிருந்து ஊருக்கு வருகிறார் என்ற செய்தி குருநகரில் அந்த ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் சொக்கலேற்றை நினைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மாமா வந்தார். கூடவே ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் வந்தது. அவர் பெட்டியைத் திறந்தபோது வாசலில் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறாத குறை. உள்ளே இருந்தது சொக்கலேற் அல்ல. ஒரு கணினி.

"உதைத் தின்னேலாதே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அத்துடன் கூட்டம் கலைந்துவிட்டது.

அது 1990ஆம் ஆண்டு. சண்டை சற்று ஓய்ந்து, ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாதங்கள். கணினி என்ற ஒன்றைக் கண்ணால் கண்டவர்கள் யாழ்ப்பாணத்தில் மிகக் குறைவு. ஒன்பது வயது பெர்னடெட் மட்டும் கலைந்து போகாமல் அங்கேயே நின்றாள்.

"மாமா, உது என்ன செய்யும்?"

"தேடும்" என்றார் மாமா.

"எதை?"

"எழுத்தை. ஒரு பெட்டி நிறையக் கடுதாசி இருந்தாலும், கேட்ட சொல்லைக் கண்மூடித் திறக்க முன்னம் எடுத்துத் தரும். எங்கடை கோயில் தேவராசா சுவாமி கேட்டுக் கடிதம் போட்டவர். அதுதான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

பெர்னடெட்டுக்கு உடனே யசிந்தாவின் நினைவு வந்துவிட்டது. ஏனென்றால் யசிந்தா அழுது இன்னும் ஒரு கிழமைகூட ஆகவில்லை.

யசிந்தா அவளுடைய வகுப்புத் தோழி. போன வருடம்தான் தாய் லூர்த்தம்மாவோடு முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து குருநகருக்கு வந்தவள். தொழிலுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட அவர்களுடைய வீடு சண்டையில் போனபோது வீட்டிலிருந்த கடுதாசிகளும் சேர்ந்து போய்விட்டன.

வைகாசியில் இருவருக்கும் புதுநன்மை. சின்னப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த நாளுக்கு வெள்ளைச் சட்டை வேண்டும், மெழுகுதிரி வேண்டும், தலைக்குப் பூமுடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றதற்கு ஒரு சான்றும் வேண்டும்.

"என்னட்டை ஞானஸ்நானத் துண்டு இல்லைச் சுவாமி" என்று யசிந்தா சொன்னாள்.

"பாதகமில்லை பிள்ளை, தேடிப் பாப்பம்" என்றார் பங்குக் குரு தேவராசா சுவாமி. "அகப்படாட்டிலும் பயமில்லை. திரும்ப ஒருக்கா ஞானஸ்நானம் குடுப்பம். ஐமிச்சம் சந்தேகம் இருந்தால் அப்பிடிச் செய்யலாம்."

சுவாமி அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கோவில் படியிறங்கி வரும்போது யசிந்தாவின் முகம் சுருங்கிப்போய் இருந்தது. இறங்குதுறைக்கு வந்ததும் அழத் தொடங்கினாள்.

"எனக்குத் திரும்ப வேண்டாம்" என்றாள்.

"ஏனடி? தலையிலை தண்ணிதானே வாப்பினம்?"

"திரும்பக் குடுத்தால் முதல் குடுத்தது இல்லையெண்டுதானே அர்த்தம்? அண்டைக்கு அப்பா என்னை ஏந்திக்கொண்டு நிண்டவராம். அம்மா சொன்னவ. இப்ப ஆர் ஏந்துறது?"

யசிந்தாவின் அப்பா செபநாயகம் அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவளுடைய பெயரும் அப்பாவின் பெயரும் ஒன்றாக இருக்கிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அந்த ஞானஸ்நானத் தாள்.

அந்தத் தாள் எங்கே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எடுக்கத்தான் வழி தெரியவில்லை.

கோவிலுக்குப் பக்கத்தில் சுவாமியார் தங்கும் வீட்டை ஊரில் அறைவீடு என்பார்கள். அதன் முன்னறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதைத் திறந்தால் முதலில் வருவது தும்மல். பிறகுதான் தாள்கள் வரும்.

அந்தத் தாள்கள் முன்பு இருந்த ஒரு வயதான சுவாமியுடையவை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்து மீனவர்கள் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போய், மணலில் ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். அந்த இடத்துக்கு வாடி என்று பெயர். வாடியிலேயே பிள்ளைகளும் பிறந்துவிடுவார்கள்; யசிந்தாவும் அப்படிப் பிறந்தவள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காக அந்தச் சுவாமி சைக்கிளில் ஒரு சின்னத் தட்டச்சு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வாடி வாடியாகப் போவார். தண்ணீர் வார்த்த கை காய முன்னமே விபரத்தைத் தட்டச்சில் அடித்து வைப்பார்.

அவர் காலமானதும் தாள்கள் இந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. வழியில் எத்தனையோ முறை கொட்டுப்பட்டு, அள்ளுப்பட்டு வந்தவை. எது முந்தி, எது பிந்தி என்று பெட்டிக்கே தெரியாது.

கோவிலில் மணியடித்து, விளக்கேற்றி, பூட்டுத் திறப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாம் சிமியோன் ஐயா ஏற்கனவே ஒரு முறை தேடியிருந்தார்.

"முல்லைத்தீவு எண்டு தலைப்பிலை போட்ட தாள் எல்லாம் பாத்திட்டன். யசிந்தா எண்டு ஒரு பிள்ளையும் இல்லை" என்றார் அவர். "பெட்டி முழுக்கப் பாக்கிறதெண்டால் எனக்கு இன்னொரு சீவியம் வேணும்."

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் மாமாவின் கணினி வந்து உட்கார்ந்தது. சித்திரை விடுமுறை தொடங்கியிருந்தது. காலையில் கஞ்சியைக் குடித்த கையோடு பெர்னடெட்டும் யசிந்தாவும் அறைவீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

மாமா ஒரு சின்னக் கருவியை எடுத்தார். உடுப்பு மினுக்கும் இஸ்திரிப் பெட்டியைச் சிறிதாக்கியது போல அது இருந்தது. அதைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார். இழுக்க இழுக்க, தாளில் இருந்தது அப்படியே கணினித் திரையில் வந்தது.

சிமியோன் ஐயா கதவோரத்தில் நின்று பார்த்தார். "தம்பி, கடுதாசியை மினுக்கவோ நோர்வேக்குப் போய்ப் படிச்சனீங்கள்?"

"இது படம் பிடிக்குது ஐயா. ஆனால் படம் பிடிச்சால் மட்டும் போதாது. கொம்பியூட்டருக்கு இப்ப இது வெறும் கறுப்புக் கோடுதான். எது 'க', எது 'ம' எண்டு அதுக்குத் தெரியாது."

"அப்ப அது பள்ளிக்கூடம் போகேல்லையோ?" என்று கேட்டாள் யசிந்தா.

மாமா சிரித்தார். "ஓம், இன்னும் போகேல்லை. நாங்கள்தான் படிப்பிக்கவேணும். நல்ல காலத்துக்கு எல்லாத் தாளும் ஒரே தட்டச்சிலை அடிச்சது. ஒரு 'க'வைப் பழக்கினால் மற்ற 'க' எல்லாம் அதே மாதிரித்தான் இருக்கும்."

பெர்னடெட்டுக்கு உடனே ரீச்சர் வேலை கிடைத்துவிட்டது. திரையில் ஓர் எழுத்து வரும். அது என்ன எழுத்து என்று பார்த்து, மாமா தமிழ் எழுத்துகள் ஒட்டி வைத்திருந்த விசையை அவள் அழுத்த வேண்டும். அடுத்த முறை அதே எழுத்து வந்தால் கணினியே சொல்லிவிடும். சொல்லத் தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடும்.

"கேள்விக்குறி போடுறது நல்ல பழக்கம்" என்றாள் பெர்னடெட். "எங்கடை வகுப்பிலை தெரியாட்டிலும் கையை உயத்திற ஆக்கள் இருக்கினம்."

"ஆரைச் சொல்லுறாய்?" என்று யசிந்தா முறைத்தாள்.

விடுமுறையில் தொடர்ந்து வந்து, கணினிக்கு அகரம் முதல் னகரம் வரை பழக்கிவிட்டார்கள். அதற்குள் பல முறை கறண்ட் நின்றது. நின்றபோதெல்லாம் யசிந்தா பதறிப்போய், "எல்லாத்தையும் மறந்திட்டுதோ?" என்று கேட்டாள். படித்ததையெல்லாம் கணினிக்குள் இருக்கும் ஒரு தட்டில் எழுதி வைத்திருப்பதாக மாமா ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார்.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. மாமா ஒரு தாளை எடுத்து வைத்து, கருவியை இழுத்தார். கணினி வாசித்தது. எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

திரை முழுவதும் கேள்விக்குறி.

"படிச்சது எல்லாம் தண்ணியிலை போச்சு" என்றார் சிமியோன் ஐயா.

மாமா நெற்றியைத் தேய்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "என்ரை கையிலைதான் பிழை. வேகமா இழுத்தால் எழுத்து நசிஞ்சு போகுது. மெதுவா இழுத்தால் நீண்டு போகுது. ஒரே சீரா இழுத்தால்தான் பழக்கின எழுத்தும் இதுவும் ஒண்டெண்டு கொம்பியூட்டர் பிடிக்கும்."

"கொண்டாங்கோ, நான் இழுக்கிறன்" என்று சிமியோன் ஐயா கையை நீட்டினார். கோவில் மணிக்கயிற்றை இழுத்துப் பழகிய கை. ஒரே இழுவையில் கருவி தாளைத் தாண்டி மேசையைத் தாண்டிப் போயிருக்கும். நல்லவேளை, வயர் பிடித்துக்கொண்டது.

பெர்னடெட்டும் இழுத்துப் பார்த்தாள். பாதி தூரம் நன்றாகப் போகும். பிறகு பிழைத்துவிடுமோ என்ற பயம் வரும். பயம் வந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் கேள்விக்குறி வரும்.

மாமா இன்னும் கொஞ்ச நாளில் திரும்பிப் போக வேண்டியவர். இந்த வேகத்தில் போனால் பெட்டியில் கால்வாசிகூட முடியாது.

"வாசிச்சு வாசிச்சே தேடினால் என்ன மாமா?" என்று பெர்னடெட் கேட்டாள்.

"ஒரு பிள்ளைக்கெண்டால் அப்பிடித் தேடலாம். ஆனால் கிழமைக்கு எத்தினை பேர் வந்து சுவாமியைக் கேக்கினம்? ஆக்கள் இடம் மாறி மாறித் துண்டைத் துலைச்சிட்டு நிக்கினம். ஒவ்வொருத்தருக்கும் பெட்டியை முழுக்கக் கொட்டேலுமோ? ஒருக்கா இதுக்குள்ளை ஏத்திப்போட்டால் பிறகு எல்லாருக்கும் சுகம்."

அது சரிதான். ஆனால் பெர்னடெட்டின் கண் யசிந்தாவின் மேல் போயிற்று.

யசிந்தா யன்னலோரம் நிலத்தில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து எடுத்த தாள்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று போய்வந்தது. எந்தத் தாளிலும் கை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

பெர்னடெட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடி, நீ என்ன பாடுறாய்?"

யசிந்தா வெட்கப்பட்டாள். "ஒண்டுமில்லை. அம்பா."

"அதென்ன?"

"கரைவலை இழுக்கேக்கை பாடுறது. வாடியிலை அப்பாதான் முதல் குரல் குடுக்கிறவராம். அவர் ஓர் அடி பாட, மற்ற ஆக்கள் 'மெல்ல வா' எண்டு சொல்லிக்கொண்டு கயித்தோடை பின்னாலை நடப்பினமாம். அம்மா எனக்கு நித்திரையாக்கப் பாடுறவ."

"ஏன் பாடிக்கொண்டு நடக்கவேணும்?"

"பாட்டு இல்லாட்டி ஒருத்தர் ஓடுவார், ஒருத்தர் நிப்பார். வலை ஒரு பக்கம் முந்தி வந்தால் மற்றப் பக்கத்தாலை மீன் ஓடியிடும். வலை ஒரே சீரா வரவேணும் எண்டு அம்மா சொல்லுறவ."

ஒரே சீரா. பெர்னடெட் துள்ளி எழுந்தாள். மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை தப்பியது அருந்தப்பு.

"மாமா, விலகுங்கோ! யசிந்தா, நீ பாடு. நான் இழுக்கிறன்."

"இஞ்சையோ? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"கண்ணை மூடிக்கொண்டு பாடு."

யசிந்தா கண்ணை மூடினாள். முதலில் குரல் நூல் போலத்தான் வந்தது. பிறகு தெளிந்தது.

"ஏலோ ஏலம் — மெல்ல வா
எங்கள் வலையே — மெல்ல வா
கரையைப் பார்த்து — மெல்ல வா
கைவிடாமல் — மெல்ல வா"

பாட்டு நடந்த நடையிலேயே பெர்னடெட்டின் கையும் நடந்தது. பிழைக்குமோ என்று நினைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாட்டைப் பின்தொடருவதே வேலையாகப் போய்விட்டது. தாளின் அடி வந்தது. பாட்டும் முடிந்தது.

கணினி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'நாள். பிள்ளை. தகப்பன். தாய். குறிப்பு.'

"எட!" என்றார் மாமா.

அன்றிலிருந்து அறைவீட்டில் கரைவலை இழுப்புத்தான். யசிந்தா பாடுவாள், பெர்னடெட் இழுப்பாள். பெர்னடெட்டின் கை களைத்தால் மாமா இழுப்பார். சிமியோன் ஐயா தாள்களை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து, கடைசியில் தன்னை அறியாமலே "மெல்ல வா" சொல்லத் தொடங்கிவிட்டார். பூசைக்கு மணியடிக்கும்போதும் அதே இழுவையில் அடித்தார் என்று ஊரில் கதை.

தாள்களில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அந்தப் பழைய சுவாமிக்குக் கை சும்மா இராது போலிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் கடைசியில் உள்ள 'குறிப்பு' என்ற இடத்தில் மனதில் பட்டதையெல்லாம் அடித்து வைத்திருந்தார்.

'பிள்ளை என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது.'

'மழை. கூரை ஒழுகியதால் தண்ணீருக்குக் குறைவில்லை.'

'விருந்துக்கு நண்டுக் கறி. உறைப்பு அதிகம்.'

"சுவாமிமாரும் உறைப்பெண்டு சொல்லுவினமோ!" என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவராசா சுவாமி உள்ளறையில் இருந்து, "நாங்களும் மனிசர்தான் பிள்ளையள்!" என்று குரல் கொடுத்தார்.

ஒருவழியாகப் பெட்டியின் அடித்தகரம் கண்ணில் பட்டது. கடைசித் தாளையும் ஏற்றி முடித்த அன்று, யசிந்தாவின் அம்மா லூர்த்தம்மா மீன் சந்தையிலிருந்து நேரே வந்து கதவடியில் நின்றார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே இருந்தார்.

"தேடு பெர்னா" என்றார் மாமா.

பெர்னடெட் 'யசிந்தா' என்று ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்தினாள். கணினி முனகியது. திரையில் ஒரு வரி வந்தது: 'அகப்படவில்லை.'

"செபநாயகம் எண்டு போடு" என்றார் மாமா அவசரமாக.

செபநாயகங்கள் சிலர் வந்தார்கள். ஒருவருடைய மனைவி பெயரும் லூர்த்தம்மா இல்லை. லூர்த்தம்மா என்று போட்டபோது வேறு லூர்த்தம்மாக்கள் வந்தார்கள்.

யசிந்தா அழவில்லை. அழாமல் நின்றதைப் பார்க்கத்தான் பெர்னடெட்டுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தாளையும் பாடிப் பாடி ஏற்றியவள் அவள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், அவள் மட்டும் இல்லை.

"பாதகமில்லை" என்றாள் யசிந்தா மெதுவாக. "திரும்பக் குடுக்கச் சொல்லுங்கோ."

"பொறு" என்றாள் பெர்னடெட்.

"இல்லாததை எப்பிடியடி தேடுறது?"

"பேரைத்தானே தேடினனாங்கள்? இது எந்தச் சொல்லையும் தேடும் எண்டு மாமா சொன்னவர்." அவள் லூர்த்தம்மாவிடம் திரும்பினாள். "மாமி, அண்டைக்கு என்ன நடந்தது? ஞாபகம் இருக்கோ?"

"எனக்கெங்கை பிள்ளை ஞாபகம்? எனக்குக் காய்ச்சல். வாடியிலை படுத்திருந்தனான். இவளின்ரை அப்பாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்."

"அவர் கோயிலுக்கை எப்பிடி இருப்பார்?"

லூர்த்தம்மாவின் முகத்தில் சின்னச் சிரிப்பு வந்தது. "எப்பிடி இருக்கிறது? எங்கை போனாலும் வாய் சும்மா இராது. பூசைக்கையும் முணுமுணுப்பார். நான் இடிச்சு இடிச்சுத்தான் நிப்பாட்டுறனான்."

பெர்னடெட் கணினிக்கு முன்னால் திரும்பவும் உட்கார்ந்தாள். கண்ணாடி பிடுங்கியதையும் கறி உறைத்ததையும் எழுதி வைத்த சுவாமி, இதை மட்டும் எழுதாமல் விட்டிருப்பாரா?

அவள் விசைகளை அழுத்தினாள்: 'அம்பா'.

கணினி முனகியது. இந்த முறை கொஞ்சம் கூடுதலாக முனகியதாக அவளுக்குப் பட்டது.

ஒரே ஒரு வரி வந்தது. வரியின் முன்பாதி முழுவதும் கேள்விக்குறிகள். அதற்குப் பிறகு மட்டும் எழுத்து இருந்தது. '...தகப்பன் அம்பா பாட...'

"எந்தத் தாள்? எந்தத் தாள்?" என்று சிமியோன் ஐயா ஓடினார். மாமா சொன்ன கட்டிலிருந்து அந்தத் தாளை உருவி எடுத்தார்.

தலைப்பில் முல்லைத்தீவு இல்லை; அதற்குத் தெற்கே உள்ள கரையான நாயாறு என்று இருந்தது.

"நாயாறோ?" என்று லூர்த்தம்மா நெஞ்சில் கையை வைத்தார். "அங்கைதான் எங்கடை வாடி! முல்லைத்தீவுக்குப் போறம், முல்லைத்தீவுக்குப் போறம் எண்டுதானே எல்லாரும் சொல்லிக்கொண்டு போறனாங்கள். அதைத்தான் நான் சிமியோன் ஐயாட்டையும் சொன்னனான்."

"அதாலைதான் நான் மற்றதைப் பாக்கேல்லை" என்றார் சிமியோன் ஐயா. அவர் முகம் வாடிவிட்டது.

தாளின் ஒரு பக்கத்தில் தகரப் பெட்டியின் துரு ஊறிப் பெரிய மண்ணிறக் கறையாகப் படிந்திருந்தது. "பாத்தியளோ? இந்தக் கருவிக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும்" என்றார் மாமா. "கறையையும் கறுப்பெண்டு எடுத்திட்டுது. எங்கடை கண்ணுக்கு அப்பிடியில்லை. நீயே வாசி பிள்ளை."

யசிந்தா தாளை வாங்கி யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மண்ணிறத்துக்கு அடியில் கறுப்பு எழுத்துகள் அப்படியே இருந்தன. அவள் விரலை வைத்து வாசித்தாள்.

"பிள்ளை, யசிந்தா. தகப்பன், செபநாயகம். தாய், லூர்த்தம்மா." விரல் வரியின் கடைசிக்கு நகர்ந்தது. "குறிப்பு. பிள்ளை கோவில் அதிர அழுதது. தகப்பன் அம்பா பாட, அவர் கையிலேயே நித்திரை கொண்டது. நானும் பாட்டுக் கேட்டு நின்றதில் தண்ணீர் வார்க்கப் பிந்திவிட்டது."

லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிமியோன் ஐயாவுக்குத் திடீரென்று தும்மல் வந்தது. பெட்டித் தூசி என்று சொல்லி மூக்கைத் துடைத்தார். பெட்டி மூடித்தான் இருந்தது.

"அம்மா, அப்பா என்னை ஏந்திக்கொண்டு பாடினவர்" என்றாள் யசிந்தா.

"ஓம் குஞ்சு."

"இதே பாட்டுத்தான்!"

"ஓம் குஞ்சு. அவருக்கு வேறை பாட்டு எங்கை தெரியும்!"

லூர்த்தம்மா அழுதுகொண்டே சிரித்தார். பெர்னடெட்டுக்கும் அழுகை வந்தது. ஆனால் அது சந்தோஷ அழுகை என்று தெரிந்ததால் அவள் அதை மறைக்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த தேவராசா சுவாமி தாளை வாங்கி, கண்ணாடியை உயர்த்தி, இரண்டு முறை வாசித்தார்.

"இனி ஐமிச்சம் ஒண்டுமில்லை" என்றார். "முதல் குடுத்ததே நல்ல வடிவாக் குடுபட்டிருக்கு."

வைகாசியில் இருவரும் வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். யசிந்தாவின் பூமுடி ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. பெர்னடெட் அதைச் சரிசெய்து சரிசெய்து தன் மெழுகுதிரியை இரண்டு முறை அணைத்துக்கொண்டாள்.

புதுநன்மை முடிந்த மறுநாள் அறைவீட்டுக்கு ஒரு மனிதர் வந்தார். கையில் ஒரு பழைய பயிற்சிக் கொப்பி. வேறொரு கோவிலில் வெள்ளம் வந்தபோது காப்பாற்றிய தட்டச்சுத் தாள்களை அதில் ஒட்டி வைத்திருந்தார். தன் மகனுடைய பெயர் இதற்குள் எங்கோ இருக்கிறது என்றார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம்.

மாமாவுக்கு இன்னும் இரண்டொரு நாள்தான் இருந்தது. அவர் கருவியை எடுத்து மேசையில் வைத்தார். "வேறை தட்டச்சு. திரும்ப அரிவரியிலை இருந்து தொடங்கவேணும்" என்று பெருமூச்சு விட்டார்.

"நான் படிப்பிக்கிறன்" என்றாள் பெர்னடெட்.

"நான் பாடுறன்" என்றாள் யசிந்தா.

கை பழகியிருந்தும் எழுத்துகளைப் பழக்கி முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. பெர்னடெட் முதல் தாளின் மேல் கருவியை வைத்தாள். யசிந்தா இந்த முறை கண்ணை மூடவில்லை. அப்பா வாடியில் நின்று பாடியிருக்கக்கூடிய அளவுக்குக் குரலை உயர்த்தி முதல் அடியை எடுத்தாள்.

"ஏலோ ஏலம்..."

"மெல்ல வா" என்றது கதவடியிலிருந்து ஒரு குரல். மகளைக் கூட்டிப்போக வந்த லூர்த்தம்மா, மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தாளில் ஒரு கேள்விக்குறிகூட விழவில்லை.